பன்னிரண்டாம் நம்பர் சட்டை

வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. உடைமாற்றும் அறையின் பெஞ்சில் சட்டையைக் குப்புறப் போட்டு, முதுகில் இருந்த 12 என்ற எண்ணைச் சுற்றிச் சாக்பீஸால் கட்டம் போட்டு, கத்தரிக்கோலை உள்ளே விட்டார் மூட்டை. அணியின் சட்டை, ஷூ, பந்து, தண்ணீர்க் குப்பி எல்லாவற்றையும் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறவர் அவர். அதனால் அந்தப் பெயர். சட்டைக்குச் சொந்தக்காரனான ஐஸ் எதிரிலேயே பனியனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூட்டையண்ணே, அது என் சட்டை.”

“தெரியும்ப்பா. கோச் வெட்டச் சொன்னாரு.”

“என்னோடதைத்தான் வெட்டணுமா?”

“பின்னே? ஆடுறவன் சட்டையையா வெட்டுவாங்க?”

மூட்டை இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிக்கணும் என்பதைப் போலச் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

விஷயம் இதுதான். ஃபுட்சால் என்பது கூரைக்குக் கீழே, மரத்தரையில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடும் கால்பந்து. தோற்கிற நிலைமை வந்தால் கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு, அவனுக்குப் பதிலாக இன்னொரு ஆட்டக்காரனை இறக்குவார்கள். எல்லோரும் மேலே ஏறி அடிக்கலாம். ஆனால் அப்படி இறங்குகிறவன் கோல்கீப்பர் நிறத்தில் சட்டை போட்டிருக்க வேண்டும். முதுகில் அவனுடைய சொந்த எண்ணும் தெரிய வேண்டும். பணக்கார அணிகள் அதற்கென்று தனிச் சட்டை வைத்திருக்கும். இந்த அணியின் சங்கம் கஞ்சத்தனத்துக்குப் பேர்போனது. ஆகவே இரண்டாம் கோல்கீப்பரின் சட்டை முதுகில் ஒரு சதுர ஓட்டை. கேப்டன் தன் சட்டைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டால் ஓட்டை வழியே அவனுடைய 7 தெரியும். ஜோலி முடிந்தது.

ஐஸின் ஜோலியும் அதோடு முடிந்த மாதிரிதான். எண் இல்லாதவனை நடுவர் உள்ளே விடமாட்டார்.

நான்கு நாட்டு அணிகள் கலந்துகொள்ளும் நட்புறவுப் போட்டி என்று அரங்கத்து வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். நட்பு எவ்வளவு இருந்ததோ தெரியாது, உறவு இருந்தது. அதுதான் ஐஸுக்கு வினையாக வந்து நின்றது. அணியின் கோச் அவனுடைய அக்கா புருஷன்.

கோச் நேர்மையான மனிதர் என்று ஊரெல்லாம் பேச்சு. நேர்மைக்கு ஆகிற செலவை எப்போதும் பக்கத்தில் இருப்பவர்கள் தலையில் கட்டுகிறவர் என்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய மகள் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது, கோட்டருகே நடுவராக நின்ற இவர் அவளை இரண்டாவது என்று அறிவித்தார். அப்பா நடுவர், மகள் முதலிடமா என்று எவனும் வாயில் போட்டு மென்றுவிடக் கூடாதாம். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. கைதட்டியவர்கள் என்னவோ கோச்சுக்குத்தான் தட்டினார்கள்.

அணித் தேர்வில் அவர் தலையிடவில்லை. சங்கத்துக்காரர்கள் ஐஸைச் சேர்த்தார்கள். சேர்ந்த அன்றே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “இங்க மாமா கீமான்னு வாய் வந்துச்சு, நடக்கறதே வேற. சார்னு கூப்பிடு” என்றார். அவனும் சார் என்றே கூப்பிட்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி சொந்தக்காரனாக வேறு இருந்தார்.

ஐஸுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாட்டுக்காக ஒரு தடவை ஆடுகளத்துக்குள் கால் வைக்க வேண்டும்.

மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர்க்கிடங்கில் பெட்டி தூக்குகிறவன் அவன். ஒப்பந்தக் கூலி. ஐஸ் என்ற பெயர் அங்கே வந்ததுதான். உறைந்த பெட்டிகளைத் தூக்கித் தூக்கி விரல் நுனிகளுக்கு உணர்ச்சி பாதி போய்விட்டது. கோல்கீப்பருக்கு அது ஒரு வகையில் வசதி என்று அவனே சொல்லிச் சிரிப்பான். துறைமுகத்தில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. தேசிய அணிக்காக ஆடியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்தது கணக்கில் வராது, உள்ளே இறங்கியிருந்தால் ஒரு செகண்டானாலும் போதும் என்று அங்கிருந்த அதிகாரி வாயாலேயே சொல்லியிருந்தார். முப்பத்தைந்து முடிய அவனுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இதை விட்டால் வேறு போட்டியும் இல்லை.

“ஒரு செகண்ட்தானே?” என்று அவன் மனைவி வழியனுப்பும்போது கேட்டாள். “ஒரு செகண்ட் உள்ள போய் நிக்க முடியாதா உங்களால?”

நிற்க முடியும். அதுதான் கொடுமை. ஃபுட்சாலில் ஆள் மாற்ற வரம்பே கிடையாது. ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், நடுவரைக் கேட்க வேண்டாம். ஒருவன் கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் இன்னொருவன் உள்ளே போகலாம், மறுபடி வரலாம், மறுபடி போகலாம். பொதுக் கழிப்பறைக்குக்கூட அதைவிட அதிகக் கட்டுப்பாடு உண்டு. கோச் மனது வைத்தால் மூச்சு விடுகிற நேரத்தில் முடிகிற காரியம்.

முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். கடைசியில் கேப்டன் ஓட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். அவன் வியர்வையில் நனைந்து திரும்பி வந்த சட்டையை ஐஸ் வாங்கி மடித்து வைத்தான்.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி சொத்தை. இடைவேளைக்குப் பிறகு ஏழு கோல் முன்னிலை. பெஞ்சில் இருந்த எல்லோரும் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஐஸ் ஓட்டைச் சட்டையோடு எழுந்து, பிளாஸ்திரி நாடாவால் பனியன் முதுகில் 12 என்று ஒட்டச் சொல்லி மூட்டையிடம் கெஞ்சினான். மூட்டை நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு கோச்சைப் பார்த்தார்.

“உட்காரு” என்றார் கோச், திரும்பாமலே.

“சார், ஏழு கோல் சார்.”

“அதனாலதான் சொல்றேன். ஜெயிச்ச மேட்ச்ல மச்சானைச் சும்மா இறக்கிவிட்டான்னு நாளைக்குப் பேசுவாங்க.”

“அப்போ தோக்குற மேட்ச்ல இறக்குங்க சார்.”

“தோக்குற மேட்ச்ல உன்னை எப்படிடா இறக்குவேன்?”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மூட்டை நாடாவைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

அன்று அக்காவுக்குப் போன் செய்தான். அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே அழுதாள். “நான் கேக்காமலா இருப்பேன்? கேட்டேன்டா. ‘வீட்டையும் கிரவுண்டா ஆக்காதே’ன்னு கத்திட்டு வெச்சிட்டாரு. நீ வேணும்னா காலைப் பிடிச்சுக் கேளேன்.” காலைப் பிடிக்க அவன் தயார்தான். அதையும் சிபாரிசு என்று அவர் உதறிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் கோல்கீப்பரைச் சலூன் என்று கூப்பிடுவார்கள். ஊரில் ஒற்றை நாற்காலி போட்ட முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். ஐஸைவிடப் பத்துப் பதினோரு வயது இளையவன். அப்பா இல்லை, அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். போட்டிக்கு வரும்போதுகூடக் கத்தரிக்கோல், சீப்பு, மெஷின் எல்லாவற்றையும் ஒரு துணியில் சுருட்டி எடுத்து வந்திருந்தான். அணியில் பாதித் தலைகள் அவன் கைப்பட்டவை. ஐஸை ‘அண்ணே, அண்ணே’ என்று சுற்றிச் சுற்றி வருவான். தன் இடத்தில் நிற்கிறவன் தன்னை அண்ணே என்று கூப்பிடும்போது எப்படி இருக்கும் என்பது பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் ஓட்டல் அறையில் அவன் ஐஸைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தான். கழுத்தைச் சுற்றிக் குளியல் துண்டு. கீழே பழைய பேப்பர்.

“எனக்கு எதுக்குடா இப்ப முடிவெட்டு?”

“நாளைக்கு மேட்ச் நம்ம ஊர் டிவில காட்டுறாங்கண்ணே. அண்ணி பார்ப்பாங்கல்ல? இப்படிச் சீப்பே படாத தலையோடயா வருவீங்க? குனிங்க. பின்பக்கம்தான் முக்கியம். கேமராவைக் கோலுக்குப் பின்னாடிதான் வைப்பாங்க.”

“பெஞ்சுல உட்கார்ந்தவன் பின்பக்கம் எவனுக்குடா தெரியும்?”

கட்டிலில் மல்லாந்து கிடந்த கேப்டன், “ஏன் தெரியாது? அதான் சட்டையில ஜன்னல் வெச்சிருக்கோமே!” என்றான். அறையே அதிர்ந்தது. கேப்டன் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

சலூனும் சிரித்தான். ஐஸ் எதிரே இருந்த கண்ணாடியில் அதைப் பார்த்தான். கட்டைவிரலையும் மோதிர விரலையும் வளையங்களில் மாட்டிக்கொண்டு, கத்தரிக்கோலைக் காற்றில் இரண்டு தரம் டக் டக்கென்று தட்டிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பு. மற்றவன் சிரித்ததெல்லாம் பரவாயில்லை. இவன் வேண்டுமென்றே உட்கார வைத்து, துண்டு போர்த்தி, டிவி, அண்ணி என்று ஏற்றிவிட்டு எல்லோருக்கும் முன்னால் கேலிப்பொருளாக்கிவிட்டான் என்று அவனுக்குப் பட்டது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறதுக்கு இந்தப் பொடியனுக்கு அண்ணே ஒரு கேடா?

முடிவெட்டு என்னவோ அருமையாக இருந்தது. தலையைத் துவட்டும்போது ஐஸ் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆட்டத்துக்கு முன் பயிற்சி. அரங்கம் நிறையத் தொடங்கியிருந்தது. முதல் கோல்கீப்பரைத் தயார் செய்வது இரண்டாம் கோல்கீப்பரின் வேலை. கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டு பந்தை வரிசையாக அடிக்க வேண்டும். ஃபுட்சால் பந்து சின்னது, கனமானது, துள்ளாது, அடித்தால் கல்லடி. அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம். அடிக்கும் முன் எங்கே அடிக்கப் போகிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். ‘மேலே’ என்றால் விரல்கள் மேல்நோக்கி விரியும். ‘கீழே’ என்றால் கோல்கீப்பர் குனிந்து விரல்களைத் தரையை நோக்கி விரிப்பான். தயார்ப்படுத்துகிற நேரத்தில் பந்தைப் பார்த்து யோசிக்க வேண்டாம், குரலை நம்பினால் போதும். எல்லா நாட்டுக் கோல்கீப்பர்களும் இப்படிச் செய்கிறார்களா தெரியாது. இவர்கள் இருவரும் இப்படித்தான் செய்தார்கள்.

முன்கூட்டியே திட்டம் போட்டான் என்று சொல்ல முடியாது. போடவில்லை என்றும் சொல்ல முடியாது. காலையில் பல் விளக்கும்போதே அது அவனோடு இருந்தது. சாப்பிடும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சலூன் சின்னதாக அடிபட்டு வெளியே போனால் போதும், ஒரு விரல் சுளுக்கினால் போதும் என்று தனக்குத்தானே பேரம் பேசிக்கொண்டான். கல்லை எறிகிறவன் எல்லாம் சின்னக் காயமாகத்தான் கேட்பான்.

“மேலே” என்றான். மேலே அடித்தான். சலூன் பிடித்தான்.

“கீழே.” பிடித்தான்.

“மேலே.” பிடித்தான். “சூப்பர்ணே, இன்னும் வேகமா அடிங்க!” என்று கத்தினான்.

“கீழே” என்றான் ஐஸ். பலம் முழுவதையும் சேர்த்து நெஞ்சு உயரத்துக்கு அடித்தான்.

குனிந்துகொண்டிருந்தவன் கடைசி நொடியில் கைகளை வெடுக்கென்று மேலே தூக்கினான். பாதி வழியில், நீட்டிய விரல்களின் நுனியில் பந்து போய் மோதியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு இரைச்சலிலும் அது ஐஸுக்குத் தெளிவாகக் கேட்டது.

சலூன் முழங்காலில் உட்கார்ந்து வலது கையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான். “அம்மா” என்று ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொன்னான். காயங்களைக் கவனிக்கும் அணியின் பிசியோ ஓடிவந்து கையுறையைக் கழற்றினார். நடுவிரல் வீங்கியிருந்தது. மோதிர விரல் போகக் கூடாத திசையில் போயிருந்தது.

“எப்படிடா ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே கோச் வந்தார். அவர் கேட்டது ஐஸைப் பார்த்து.

ஐஸ் வாயைத் திறந்தான். அதற்குள் கீழேயிருந்து சலூன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். “என் தப்பு சார். அண்ணன் மேலேன்னுதான் சொல்லியிருப்பாரு. இந்தச் சத்தத்துல எனக்குக் கீழேன்னு கேட்டுச்சு. அப்படித்தானேண்ணே?”

“ஆமா சார்” என்றான் ஐஸ்.

சலூனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். கோச் ஐஸின் தோளில் கை போட்டு ஓரமாக நடத்திச் சென்றார். இத்தனை வருட உறவில் அவர் தோளில் கை போட்டது அதுதான் முதல் தடவை.

“மாப்ளே” என்றார். சார் போய் மாப்பிள்ளை வந்துவிட்டது. “எனக்கு மனசு இல்லைன்னு நெனச்சியா? உங்க அக்கா நேத்து சாப்பிடவே இல்லையாம். ஆனா இப்படி வந்தாத்தான்டா அழகு. எவனும் வாயைத் திறக்க முடியாது. நேர்மையா வந்த வாய்ப்பு இது. போ, சட்டையை மாத்து.” அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான்.

உடைமாற்றும் அறையில் மூட்டை மட்டும் இருந்தார். ஐஸ் உள்ளே நுழைந்ததும், “பிளாஸ்திரி நாடா எடுங்கண்ணே, சீக்கிரம்” என்றான். “பனியன்ல நம்பர் ஒட்டணும். ஓட்டை வழியா தெரிஞ்சா விட்டுருவாங்க.”

“நாடா எதுக்கு?” என்று மூட்டை பையிலிருந்து சட்டையை எடுத்து உதறினார்.

முதுகில் 12 இருந்தது. வெட்டி எடுத்த அதே சதுரம், அதே இடத்தில், சுற்றிலும் நெருக்கமான கைத்தையல். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் உறுதியான தையல்.

“இது எப்போ?”

“நேத்து சாயங்காலம். உனக்கு முடிவெட்டிட்டு நேரா என் ரூமுக்கு வந்துட்டான். வெட்டின துண்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா வெச்சிருக்கீங்களான்னு ஒரே நச்சு. தைச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து ஊசியில நூல் கோத்துக் கோத்துக் குடுத்தான். நல்ல கைப்பா அவனுக்கு, ஒரே தடவையில கோக்கறான்.”

“எதுக்கு?”

“எதுக்கா? இன்னிக்கு உன்னை இறக்கறதுக்குத்தான். இடைவேளை முடிஞ்சதும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அவன் பாட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்துருவானாம். உள்ள கோல்கீப்பர் இல்லேன்னா கோச் என்ன பண்ணுவாரு? உன்னை அனுப்பித்தானே ஆகணும்? கேப்டனுக்கு ஓட்டைச் சட்டை வேணுமேடான்னேன். ‘என் சட்டையை வெட்டிக்கங்க, நான்தான் வெளியே இருப்பேனே’ன்னான்.”

ஐஸ் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா அக்காகிட்ட சொல்லிருவே, அக்காகிட்ட சொன்னா கோச்சுக்குத் தெரிஞ்சிரும்னான். நேத்து எல்லாரும் உன்னைக் கேலி பண்ணிட்டிருந்தப்பவே வாய் வரைக்கும் வந்துருச்சாம், சிரிச்சுச் சமாளிச்சேன்னான்.” மூட்டை சட்டையை நீட்டினார். “பாவம், அவன் வேணும்னே உட்காரலாம்னு பார்த்தான், கடவுள் நிஜமாவே உட்கார வெச்சுட்டாரு. ம், போட்டுக்கோ. பாட்டுக்கு வரிசையில நிக்கக் கூப்பிடுறாங்க.”

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவன் அவசரப்படவில்லை. முப்பத்து நாலு வருடம் பொறுத்தவன், இன்னும் ஒரே ஒரு இடைவேளை வரைக்கும் பொறுத்திருந்தால் போதும். சட்டையைப் போட்டுக்கொண்டான். தையல் முதுகில் உறுத்தியது.

தேசிய கீதத்துக்கு வரிசையில் நின்றான். கேமரா முகம் முகமாக நகர்ந்து அவனிடமும் வந்து நின்றது. நடுவர் விசில் ஊதினார். ஒரு செகண்ட் கழிந்தது. துறைமுகத்து வேலை கிடைத்துவிட்டது.

அவன் கேட்டது ஒரு செகண்ட். கிடைத்ததோ ஆட்டம் முழுவதும். வெளியே வர வழியில்லை. மற்ற எல்லோரும் நினைத்தால் போகலாம் வரலாம் என்கிற அந்தத் தரையில், அவனுக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. மாற்று ஆளின் விரலை அவனே உடைத்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் சலூன் முதலுதவி அறையிலிருந்து திரும்பி வந்துவிட்டான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு, அண்ணன் ஆடுறதைப் பார்த்துட்டுப் போறேன் என்று அடம் பிடித்தானாம். விரல்களைச் சேர்த்துக் கட்டி, கையை நெஞ்சோடு தொங்கவிட்டிருந்தார்கள். கோலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“அண்ணே, வலதுல வரான்! கொஞ்சம் முன்னாடி வாங்க! அப்படித்தான்! சூப்பர்ணே!”

பந்து பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல். அவன் சொன்ன பக்கமெல்லாம் பந்து வந்தது. ஐஸ் அவன் குரலை நம்பி விழுந்தான், அவன் குரலை நம்பிப் பிடித்தான். ஒரு தடவைகூட அந்தக் குரல் பொய் சொல்லவில்லை. போதாத காலம், ஐஸ் பிரமாதமாக ஆடினான். மோசமாக ஆடியிருந்தால் கொஞ்சமாவது தண்டனை அனுபவித்த மாதிரி இருந்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். எல்லோரும் அவனைத் தோளில் தூக்கினார்கள். சலூன் இடது கையால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே குதித்தான்.

மேலேயிருந்து பார்த்தபோது, பிசியோ கோச்சிடம் தலையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். இறக்கிவிட்டதும் ஐஸ் அருகில் போய் நின்றான்.

“கணு நொறுங்கிப் போச்சு. ஆபரேஷன் பண்ணாலும் அந்த விரல் பழையபடி மடங்காது” என்றார் பிசியோ.

“கோல்கீப்பர் வேலையை விடு. அவன் தொழிலுக்கு?” என்று கேட்டார் கோச்.

பிசியோ தன் கட்டைவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். பிறகு கையை விரித்தார்.

ஆஸ்பத்திரி வழியாகத்தான் ஓட்டலுக்குப் போகும் பஸ். சலூன் ஐஸுக்குப் பக்கத்து இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தான். வலியில் முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. ஆட்டத்தை முதலிலிருந்து ஒவ்வொரு பந்தாகச் சொல்லி வந்தான். ஐஸுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. அது நெஞ்சில் புறப்பட்டுத் தொண்டை வரை வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தது.

“என்னண்ணே உம்முன்னு இருக்கீங்க? வேலை கெடச்சிருச்சுல்ல?” என்றான் சலூன். பிறகு ஐஸின் பின்தலையை எட்டிப் பார்த்தான். “பின்னாடி இடது பக்கம் ஒரு இழை தூக்கலா நிக்குது. நேத்து அந்தச் சிரிப்புல விட்டுட்டேன் போல. ஊருக்குப் போனதும் கடைக்கு வாங்க, சரி பண்ணிடறேன்.”

“சரிடா.”

பின்பக்கத்திலிருந்து கேப்டன் விசிலடித்தான். அப்போது ஐஸின் போன் அடித்தது. மனைவி. அவள் குரல் எப்போதுமே போனுக்கு வெளியே வந்துதான் பேசும்.

“பார்த்தேங்க! தெருவே நம்ம வீட்லதான்! முழு மேட்சும் நீங்கதான்! அக்கா அழுதுட்டே போன் பண்ணாங்க. நான் அழலை. ஆமா, அழுதேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அது இருக்கட்டும், பின்பக்கம் காட்டினாங்க பாருங்க, எவ்வளவு அழகா இருந்துச்சு! மாப்பிள்ளை மாதிரி இருந்தீங்க. யாரு முடி வெட்டினது?”

சலூன் புன்னகையோடு தயாராக இருந்தான். தன் பெயர் சொல்லப்படுவதைக் கேட்க அவன் ஜன்னலைவிட்டு லேசாக இந்தப் பக்கம் சாய்ந்தான்.

ஐஸ் வாயைத் திறந்தான். சலூனின் பெயரைச் சொன்னால் அடுத்த வார்த்தையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

“இங்க ஏதோ ஒரு கடையில வெட்டினேன்” என்றான்.

சலூனின் புன்னகை உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அண்ணன் எதற்குப் பொய் சொல்கிறார் என்று யோசிக்கிறவன் போலப் பார்த்தான். பிறகு தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். திரும்ப ஐஸின் முகத்தைப் பார்த்தான்.

“அண்ணே” என்றான், மிகவும் மெதுவாக. “நீங்க கீழேன்னுதானே சொன்னீங்க?”

ஐஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“நல்லா வெட்டியிருக்கான்” என்றாள் மனைவி. “எவ்வளவு வாங்கினான்?”